தெலுங்கு வந்தது, தமிழ் வரவில்லை: கோவின் தளம் தந்த பாடம் என்ன? ஆப் செய்பவர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

2021 ஜூன் முதல் வாரம். கொரோனா இரண்டாம் அலை இன்னும் முழுசா அடங்கவில்லை. தடுப்பூசிக்கு முன்பதிவு செய்யும் மத்திய அரசின் கோவின் தளத்தில் இந்திய மொழிகள் சேர்க்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. இந்தி, தெலுங்கு, கன்னடம், மலையாளம், மராத்தி, வங்காளம் எனப் பட்டியல் நீண்டது. அதில் தமிழ் இல்லை.

இதன் அர்த்தம் புரிய திருத்தணியை நினைத்துப் பாருங்கள். எல்லை தாண்டினால் ஆந்திராவின் நகரி. அந்த வாரம் நகரியில் ஒருவர் கோவின் தளத்தைத் திறந்தால் தன் மொழியில் படிக்க முடிந்தது. இந்தப் பக்கம் திருத்தணியில் இருப்பவருக்கு அது முடியவில்லை. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, ம.பொ.சி. முன்னெடுத்த எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மொழிக்காகப் போராடி வந்த ஊர், உயிர் காக்கும் ஒரு தளத்தில் மொழிக்காகக் காத்திருந்தது.

தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் தமிழும் சேர்க்கப்பட்டது. சர்ச்சை அதோடு முடிந்தது. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் கேள்வி இன்னும் முடியவில்லை. பல கோடிப் பேர் பயன்படுத்தப்போகும் ஒரு மென்பொருளை உருவாக்கும்போது, 'இதை யார், எங்கே, எந்த மொழியில், எந்த போனில் பயன்படுத்துவார்?' என்ற கேள்வியை எந்தக் கட்டத்தில் கேட்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. அதன் பெயர் யூசபிலிட்டி இன்ஜினியரிங். தமிழில் 'பயன்பாட்டு எளிமைப் பொறியியல்' எனலாம்.

அது என்ன பயன்பாட்டு எளிமை? பட்டன் கலர்தானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கலரும் ஐகானும் அதில் ஒரு சின்னப் பகுதி மட்டும்தான்.

ஐ.எஸ்.ஓ. 9241 என்ற சர்வதேசத் தர வரிசை பயன்பாட்டு எளிமையை மூன்று அளவுகோல்களால் அளக்கச் சொல்கிறது.

• வேலை முடிந்ததா? வந்தவர் நினைத்த காரியத்தைச் சரியாகச் செய்து முடித்தாரா?

• எவ்வளவு உழைப்பு? அதற்கு எத்தனை நேரம், எத்தனை முயற்சி ஆனது?

• திருப்தியா? 'அப்பாடா, முடிஞ்சுது' என்று போனை வைத்தாரா, இல்லை 'இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாது' என்று நினைத்தாரா?

இந்த மூன்றையும் பொதுவாக அளக்கக் கூடாது. குறிப்பிட்ட பயனாளர், குறிப்பிட்ட வேலை, குறிப்பிட்ட சூழல் ஆகியவற்றை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பதும் அந்த வரையறையிலேயே இருக்கிறது. சென்னை ஓ.எம்.ஆரில் ஏசி அறையில் பெரிய திரையில் எளிதாகத் தெரியும் ஒரு பக்கம், திருத்தணி பஸ் ஸ்டாண்டில் உச்சி வெயிலில், கீறல் விழுந்த போனில் எளிதாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

'பொறியியல்' என்ற சொல்லுக்கும் காரணம் உண்டு. பாலத்தின் சுமையைக் கட்டுவதற்கு முன்பே கணக்கிடுவதைப் போல, பயன்பாட்டு எளிமையையும் முன்கூட்டியே இலக்கு வைத்து, அளந்து, திருத்த வேண்டும். ஜான் கூல்ட், கிளேட்டன் லூயிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1985-லேயே இதற்கு மூன்று விதிகளைச் சொன்னார்கள். தொடக்கத்திலிருந்தே பயனாளரைக் கவனி. அவர்களை வைத்தே சோதித்து அள. கிடைத்ததை வைத்துத் திருத்தி, மறுபடியும் சோதி. ஜேக்கப் நீல்சன் 1993-ல் இதே பெயரில் ஒரு புத்தகமே எழுதினார்.

ஆக, இது புது விஷயம் இல்லை. பின் ஏன் இன்னும் நாம் தடுமாறுகிறோம்? கோவின் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்தால் புரியும்.

கோவின் தளத்தில் என்னதான் நடந்தது?

2021 ஜனவரி 16-ம் தேதி தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது சுகாதாரப் பணியாளர்களுக்கு முன்னுரிமை. அவர்களின் விவரங்களைத் துறையே பதிவேற்றியது. பிறகு முதியோர், அடுத்து 45 வயதைக் கடந்தவர்கள். அவர்கள் நேரில் போயும் போட்டுக்கொள்ளலாம்.

18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்கு ஏப்ரல் 28 மாலை 4 மணிக்குப் பதிவு தொடங்கியது. இவர்களுக்கு ஆன்லைன் முன்பதிவு கட்டாயம். 4 மணிக்குத் தளம் திணறியது, ஓடிபி வரவில்லை என்று புகார்கள் குவிந்தன. அப்படியும் முதல் நாளிலேயே ஒரு கோடிக்கும் அதிகமானோர் பதிவு செய்தார்கள்.

சர்வர் திணறல் தற்காலிகப் பிரச்னை. அதன் பிறகு வந்தவைதான் பயன்பாட்டுப் பிரச்னைகள்.

1. மொழி. ஊசி போடத் தொடங்கி நான்கு மாதங்களுக்கு மேல் ஆன பிறகுதான் இந்திய மொழிகள் வந்தன. அதிலும் தமிழ் கடைசியில்.

2. மாவட்டம். இது பலர் கவனிக்காத ஒன்று. தமிழ்நாட்டுக்கான மாவட்டப் பட்டியலில் பூந்தமல்லி, பழனி, ஆத்தூர், செய்யாறு, அறந்தாங்கி, பரமக்குடி ஆகியவை தனித்தனி மாவட்டங்களாக இருந்தன. இவை பொதுச் சுகாதாரத் துறையின் 'சுகாதார மாவட்டங்கள்'. அதிகாரிகளுக்கு இது பழகிய பிரிவு. ஆனால் பூந்தமல்லிக்காரரிடம் 'எந்த மாவட்டம்?' என்று கேட்டால் 'திருவள்ளூர்' என்றுதான் சொல்வார். திருவள்ளூர் என்று தேர்ந்தெடுத்தால், பூந்தமல்லி என்ற தலைப்பின் கீழ் இருக்கும் மையங்கள் அவர் கண்ணில் படாது. 'நம்ம பக்கம் ஸ்லாட்டே இல்ல போல' என்று போனை வைத்துவிடுவார். மென்பொருளைப் பொறுத்தவரை எந்தப் பிழையும் நடக்கவில்லை. வேலை மட்டும் நடக்கவில்லை.

3. கேப்ட்சா. தானியங்கி நிரல்கள் ஸ்லாட்டுகளை அள்ளிக்கொள்வதைத் தடுக்க, மே மாதம் கேப்ட்சா வந்தது. வளைந்து நெளிந்த ஆங்கில எழுத்துகளைப் பார்த்துத் தட்ட வேண்டும். ஆங்கிலம் தெரியாதவருக்கு அது ஒரு சுவர். பார்வையற்றவருக்குக் கதவே இல்லாத சுவர். சில நிமிடம் சும்மா இருந்தால் தளம் வெளியேற்றிவிடும். மறுபடி எண், மறுபடி ஓடிபி, மறுபடி தேடல்.

4. ஊசி போடும் செவிலியர். பயனாளர் என்றால் பொதுமக்கள் மட்டும் இல்லை. முன்பதிவு செய்துவிட்டு மையத்துக்கே போகாத சிலருக்கு 'உங்களுக்கு ஊசி போடப்பட்டது' என்று எஸ்.எம்.எஸ். வந்தது. மையத்தில் இருந்தவர்கள் தவறாகப் பதிவு செய்ததே காரணம் என்று சுகாதார அமைச்சகம் விளக்கியது. மே 8-ம் தேதி முதல் நான்கு இலக்கப் பாதுகாப்பு எண் கொண்டுவரப்பட்டது. அந்த எண்ணை வாங்கி உள்ளிட்டால்தான் ஊசி போட்டதாகப் பதிவாகும். தவறு செய்தவரைத் திட்டாமல், தவறு நடக்கும் வழியை அடைக்கும் திருத்தம் இது. நல்ல திருத்தம்தான். ஆனால் திட்டம் தொடங்கி கிட்டத்தட்ட நான்கு மாதம் கழித்து வந்தது.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

ஒரு இணையதளத்தின் வடிகட்டிகளைப் பற்றியும் கேப்ட்சாவைப் பற்றியும் உச்ச நீதிமன்றம் பேசும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 2021 மே 31-ம் தேதியிட்ட உத்தரவில், நீதிபதிகள் டி.ஒய்.சந்திரசூட், எல்.நாகேஸ்வர ராவ், எஸ்.ரவீந்திர பட் அமர்வு அதைப் பேசியது.

ஆன்லைன் முன்பதிவை மட்டும் நம்பினால் டிஜிட்டல் வசதி இல்லாதவர்கள் விடுபட்டுப்போவார்கள் என்ற கவலையை அமர்வு வெளிப்படுத்தியது. மாநில மொழிகள் எப்போது வரும் என்று கேட்டது. கேப்ட்சாவுக்கு ஒலி வடிவ மாற்று இல்லை, வயது, தடுப்பூசிப் பெயர் போன்ற வடிகட்டிகள் பார்வையற்றோர் பயன்படுத்தும் வகையில் அமையவில்லை என்று பட்டியலிட்டது. மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த ஏற்றதா எனத் தளத்தைத் தணிக்கை செய்ய வேண்டும் என்றும் சொன்னது.

ஒரு பயன்பாட்டுச் சோதனை அறிக்கையில் இருக்க வேண்டியதெல்லாம் நீதிமன்ற உத்தரவில் இருந்தது. சோதனை அறிக்கை, தளம் திறக்கும் முன் வந்திருக்க வேண்டியது. இது திறந்த பிறகு வந்தது.

எண்கள் காட்டும் உண்மை

2021 ஜூன் மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட தகவல் இது. ஜூன் 13 வரை கோவினில் பதிவானவர்கள் 28.36 கோடி. அதில் 16.45 கோடிப் பேர், அதாவது 58 சதவீதம், தடுப்பூசி மையத்திலேயே நேரில் பதிவு செய்தவர்கள். போடப்பட்ட 24.84 கோடி டோஸ்களில் 19.84 கோடி, அதாவது சுமார் 80 சதவீதம், நேரில் போய்ப் போட்டுக்கொண்டவை.

'ஆன்லைன் கட்டாயம் இல்லை' என்பதை விளக்க அமைச்சகம் இந்த எண்களைச் சொன்னது. 45 வயதைக் கடந்தவர்களுக்கு நேரில் போகும் வழி முதலிலிருந்தே இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனாலும் இதே எண்கள் வேறொன்றையும் சொல்கின்றன. வழி திறந்திருந்தால், பெரும்பாலானவர்கள் திரையை விட மனிதரிடமே போனார்கள். 18–44 வயதினருக்கும் மே 24 முதல் அரசு மையங்களில் நேரடிப் பதிவு அனுமதிக்கப்பட்டது. ஜூன் 21 முதல் அது பரவலானது.

கோவினைக் குறைத்து மதிப்பிடவும் முடியாது. 2022 ஜூலையில் நாடு 200 கோடி டோஸ்களைத் தாண்டியபோது, அத்தனைக்கும் கணக்கு வைத்தது அந்தத் தளம்தான். திருத்தங்களும் தொடர்ந்து வந்தன. பிரச்னை எல்லாம் அந்தத் திருத்தங்கள் வந்த நேரம்தான். ஸ்லாட்டுக்காக ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு நான்கு மாதம் என்பது சின்ன விஷயம் இல்லை.

ஏன் கடைசியில்தான் ஞாபகம் வருகிறது?

மென்பொருள் உருவாகும் பழைய முறைக்கு 'வாட்டர்ஃபால்' என்று பெயர். அருவி மாதிரி மேலிருந்து கீழே. தேவைகளை எழுது, வடிவமை, நிரல் எழுது, சோதி, வெளியிடு. அரசு டெண்டர்கள் பெரும்பாலும் இந்த வடிவத்துக்கே வசதியானவை. தேவைகளைச் சொல்பவர் துறை அதிகாரி. கட்டிக்கொடுப்பது நிறுவனம். கடைசியில் 'சரி' என்று கையெழுத்திடுபவரும் அதே துறை அதிகாரி. இதில் திருத்தணிக்காரர் எந்தக் கட்டத்தில் வருகிறார்? எல்லாம் முடிந்த பிறகு, புகார்தாரராக வருகிறார்.

'ஏற்புச் சோதனை' என்று ஒன்று நடக்கும். ஆனால் அது 'கேட்ட வசதி இருக்கிறதா?' என்றுதான் பார்க்கும். மாவட்டப் பட்டியல் இருக்கிறதா? இருக்கிறது, டிக். அந்தப் பட்டியலில் மக்கள் தங்கள் மாவட்டத்தைக் கண்டுபிடிக்கிறார்களா? அந்தக் கட்டமே படிவத்தில் இருக்காது.

2001-க்குப் பிறகு பரவிய 'அஜைல்' முறை இதை மாற்றும் என்று எதிர்பார்ப்பு இருந்தது. இரண்டு வாரம், மூன்று வாரம் எனச் சின்னச் சுற்றுகளாக வேலை. ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஒன்று தயார். ஆனால் இங்கே வேறு சிக்கல். இரண்டு வாரத்துக்குள் நிரலும் முடிய வேண்டும் என்றால், மக்களைப் பார்த்துப் பேச நேரம் எங்கே? 'அதை அடுத்த சுற்றில பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போகும். அடுத்த சுற்றிலும் அதே பதில்தான்.

இது இந்தியாவின் நோய் மட்டும் இல்லை. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டுக்கான ஹெல்த்கேர்.கவ் தளம் 2013 அக்டோபர் 1-ம் தேதி திறந்தது. முதல் நாளில் பதிவை முடிக்க முடிந்தவர்கள் வெறும் 6 பேர். காப்பீட்டு விலையைப் பார்ப்பதற்கே முதலில் கணக்குத் தொடங்கச் சொன்னது, எல்லோரும் ஒரே வாசலில் முட்டி மோதினார்கள். தளத்தை முழுமையாக இணைத்துச் சோதித்தது கடைசி இரண்டு வாரங்களில்தான் என்று, கட்டிய நிறுவனங்களே நாடாளுமன்ற விசாரணையில் சொன்னன.

சரி, எப்படிச் சேர்ப்பது?

பயன்பாட்டு எளிமையைத் தனி வேலையாகக் கடைசியில் ஒட்டாமல், ஒவ்வொரு கட்டத்திலும் சேர்ப்பதுதான் வழி. துறையில் பழகிய முறைகள் இவை.

தேவை எழுதும் கட்டம்: 'முன்பதிவு வசதி வேண்டும்' என்று எழுதினால் போதாது. 'தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த, ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் ஒருவர், யார் உதவியும் இல்லாமல், இத்தனை நிமிடத்தில் முன்பதிவை முடிக்க வேண்டும்' என்று எழுத வேண்டும். இதை அளக்க முடியும். அளக்க முடிந்தால் ஒப்பந்தத்தில் போட முடியும். ஒப்பந்தத்தில் இருந்தால்தான் நடக்கும்.

வடிவமைப்புக் கட்டம்: நிரல் எழுதும் முன், திரைகளைக் காகிதத்தில் வரைந்து மக்களிடம் காட்டலாம். 'எங்கே தொடுவீங்க?' என்று கேட்டால் போதும். காகிதத்தில் தப்பு என்றால் ரப்பர் போதும். தளம் வெளியான பிறகு மாவட்டப் பட்டியலை மாற்ற வேண்டும் என்றால் தரவுத்தளம், எஸ்.எம்.எஸ்., ஊழியர் பயிற்சி என எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும்.

நிரல் எழுதும் கட்டம்: வடிவமைப்பாளர்கள் நிரலாளர்களை விட ஒரு சுற்று முன்னால் ஓட வேண்டும். இந்தச் சுற்றில் எழுதப்படும் திரை, போன சுற்றிலேயே மக்களிடம் சோதிக்கப்பட்டிருக்கும். ஒரு வேலை 'முடிந்தது' என்று சொல்ல, நிரல் ஓடுவதோடு பயனாளரும் அதை முடித்துக் காட்டியிருக்க வேண்டும்.

வெளியான பிறகு: எந்தத் திரையில் எத்தனை பேர் பாதியில் விட்டுப் போகிறார்கள், உதவி எண்ணுக்கு எதற்காக அழைக்கிறார்கள் என்று தொடர்ந்து பார்க்க வேண்டும்.

ஐந்து பேர் போதுமா?

'இதுக்கெல்லாம் ஆயிரக்கணக்கில் ஆள் வேணுமே, செலவு ஆகுமே' என்பது வழக்கமான வாதம். தேவையில்லை என்கிறது நீல்சனும் தாமஸ் லேண்டவரும் 1993-ல் தந்த கணக்கு. ஒரு பயனாளர் சராசரியாக 31 சதவீதப் பிரச்னைகளைக் காட்டிக்கொடுப்பார் என்று வைத்தால், ஐந்தே பேரைச் சோதித்தால் சுமார் 85 சதவீதப் பிரச்னைகள் தெரிந்துவிடும்.

இது ஒரு கணித மாதிரி. மிகவும் வேறுபட்ட பயனாளர்கள் இருந்தால், ஒவ்வொரு பிரிவிலும் சிலரைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

திருத்தணியில் இதை எப்படிச் செய்யலாம்? சும்மா ஒரு கற்பனை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மேஜை. ஒரு விசைத்தறித் தொழிலாளி. மலைக்கோயில் படி ஓரம் பூ விற்கும் ஒரு அம்மா. புறநகர் ரயிலில் சென்னைக்குப் படிக்கப் போகும் ஒரு மாணவி. வீட்டில் தெலுங்கு பேசி, தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு பெரியவர். போனை 'டாக்பேக்' குரலில் கேட்டு இயக்கும் பார்வையற்ற ஒருவர்.

ஒவ்வொருவரிடமும் ஒரே வேலை: 'இந்த போன்ல உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு ஒரு ஸ்லாட் போடுங்க.' சோதிப்பவர் வாய் திறக்கக் கூடாது. விரல் எங்கே நிற்கிறது, எங்கே 'இது என்னங்க?' என்று நிமிர்ந்து பார்க்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு காலை நேரம் போதும். தமிழ் இல்லை என்பது முதல் ஆள், முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும்.

திரை மட்டும்தான் வழியா?

இல்லை. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் இதற்கு ஓர் உதாரணம். 2023-ல் விண்ணப்பம் வாங்கும்போது, பெண்களிடம் 'ஆப் டவுன்லோடு பண்ணுங்க' என்று சொல்லவில்லை. ரேஷன் கடை வட்டாரத்தை வைத்து டோக்கனும் விண்ணப்பமும் கொடுத்தார்கள். ஜூலை 24 முதல் முகாம்கள் நடந்தன. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் விவரங்களைச் செயலியில் ஏற்றினார்கள். சுமார் 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன.

தகுதி விதிகள் பற்றியும், நிராகரிப்பு பற்றியும் விமர்சனங்கள் இருந்தன. அது வேறு விவாதம். வடிவமைப்பாகப் பார்த்தால், செயலியின் பயனாளர் தன்னார்வலர், விண்ணப்பதாரரின் 'திரை' ஒரு காகிதம் என்று முதலிலேயே பிரித்துக்கொண்டதுதான் விஷயம். யார் எதைக் கையில் வைத்திருப்பார் என்ற கேள்வி முன்கூட்டியே கேட்கப்பட்டிருக்கிறது.

கடைகளில் 'நூறு ரூபாய் பெறப்பட்டது' என்று பேசும் சவுண்ட்பாக்ஸும் இதே யோசனைதான். கை முழுக்க மாவோ பூவோ இருக்கும் வியாபாரி ஒவ்வொரு முறையும் போனை எடுத்து எஸ்.எம்.எஸ். பார்க்க முடியாது. காது சும்மாதான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகள் 2009 முதல் இருக்கின்றன. மூன்றாம் பதிப்பு 2023-ல் வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 முதல் இருக்கிறது. ஆனால் பெரிய திருப்பம் 2025 ஏப்ரல் 30 அன்று வந்தது.

ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. வங்கிக் கணக்கு, சிம் கார்டு போன்றவற்றுக்கான டிஜிட்டல் கே.ஒய்.சி.யில் 'கண்ணைச் சிமிட்டுங்கள்' என்று கேட்கும். ஆசிட் வீச்சில் இமைகளை இழந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்து, 20 வழிகாட்டுதல்களை வழங்கியது.

அதில் ஒன்று நம் விஷயத்தின் மையத்தையே தொடுகிறது. கே.ஒய்.சி. நடத்தும் நிறுவனங்கள் ஆப்பையோ இணையதளத்தையோ வடிவமைக்கும்போதும், புது வசதி சேர்க்கும்போதும், பயனாளர் ஏற்புச் சோதனையில் பார்வையற்றவர்களைச் சேர்க்க வேண்டும். அதாவது, ஆப் உருவாகும் முறைக்குள்ளேயே பயனாளர் உட்கார வேண்டும் என்கிறது தீர்ப்பு. இதுவரை 'செய்தால் நல்லது' என்று இருந்த விஷயம், அந்த வட்டத்துக்குள் 'செய்தே ஆக வேண்டும்' என்று மாறியிருக்கிறது.

பிரிட்டன் இதை அரசு நடைமுறையாகவே வைத்திருக்கிறது. அங்கே ஒரு சேவைத் தரநிலை உண்டு. பயனாளர் ஆய்வு செய்ததைக் காட்டி மதிப்பீட்டில் தேற வேண்டும்.

இதில் நமக்கு என்ன?

ஒரு தளம் புரியவில்லை என்றால் பெரும்பாலானோர் 'எனக்குத்தான் படிப்பு பத்தல' என்று நினைத்துக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையனையோ பிரவுசிங் சென்டரையோ தேடிப் போகிறார்கள். அங்கே பணம் செலவாகிறது, கூலி நாள் போகிறது, ஓடிபியும் ஆதார் எண்ணும் அடுத்தவர் கைக்குப் போகின்றன. மோசடிக்கு வாசல் திறப்பதும் அங்கேதான். மென்பொருள் செய்தவர் மிச்சம் பிடித்த ஒரு காலை நேரச் சோதனைக்கான செலவை, லட்சக்கணக்கானோர் தவணை தவணையாகக் கட்டுகிறார்கள்.

எனவே, அடுத்த முறை சிக்கினால் எந்தத் திரையில் சிக்கினீர்கள் என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தத் தளத்தின் புகார் பகுதிக்கு அனுப்புங்கள். 'வேலை செய்யல' என்பதை விட, 'மாவட்டப் பட்டியலில் என் மாவட்டம் எங்கே என்று தெரியவில்லை' என்று எழுதுவது திருத்துபவருக்கு உதவும்.

திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். டிசம்பர் 31 படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பாட்டுப் பாடி ஏறுபவர்கள் உண்டு. படி ஏற முடியாதவருக்கு வண்டி போகும் பாதையும் இருக்கிறது. எந்த வழியில் போனாலும் அதே சன்னதிதான். 'முட்டி வலிக்குதுன்னா நீங்க வராதீங்க' என்று யாரும் சொல்வதில்லை. அரசுத் தளங்களும் வங்கி ஆப்களும் அந்த இரண்டாவது பாதையைத் திட்ட வரைபடத்திலேயே போட வேண்டும். கோவினில் தமிழ் வந்த மாதிரி, யாராவது குரல் கொடுத்த பிறகு வெட்டும் பாதையாக அது இருக்கக் கூடாது.